தமிழ் இணையதளத்துக்கு எந்த விளம்பரம்: கூகுளா, இடைத்தரகரா, ஊர்க் கடையா?

ஒரு தமிழ் இணையதளம் மாதம் ஒரு லட்சம் பக்கப் பார்வைகளைத் தொடும்போது சர்வர் கட்டணம் கையைக் கடிக்கத் தொடங்கும். விளம்பரம் போடலாமா என்ற யோசனை அப்போதுதான் வரும். தெரிந்தவர்களிடம் கேட்டால் "ஆட்சென்ஸ் போட்டுவிடுங்கள்" என்பார்கள். தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் சேவை அது. யூடியூபில் தேடினால், ஆட்சென்ஸைவிடப் பல மடங்கு தரும் நிறுவனம் இதுதான் என்று ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள். கடைவீதியில் இறங்கி நாலு கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்பவர்கள் குறைவு. அதற்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டுமே.

வழிகள் நான்கு. இடத்தைக் கூகுள் ஆட்சென்ஸிடம் ஒப்படைக்கலாம். பல விளம்பரச் சந்தைகளை ஒன்றாகக் கட்டித் தரும் இடைத்தரகு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். விளம்பரதாரரிடம் நாமே விற்கலாம். பொருள் விற்றால் கமிஷன் என்று ஒரு கடையோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை: வாசகர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருக்கும் சிறிய தளம், தன்னிடம் உள்ள நல்ல இடத்தைத் தானே விற்க வேண்டும், மிச்சத்தை மட்டும் ஆட்சென்ஸுக்கு விடலாம். வெளிநாட்டு வாசகர்கள் அதிகம் என்றால் கணக்கு வேறு. ஏன் என்று புரிய, காலிப் பெட்டி ஒன்று எப்படி நிரம்புகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஏலம் நடக்கும் அந்த நொடி

கனடாவில், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒருவர் சர்க்கரைப் பொங்கல் செய்முறை தேடி உங்கள் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சர்வர் அவருக்கு அனுப்புவது கட்டுரையும் படங்களும்தான். விளம்பரம் வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியும், வேறொரு நிறுவனத்தின் சர்வரை அழைக்கும் சில வரி ஸ்கிரிப்டும் இருக்கின்றன. அவருடைய பிரவுசர் அந்த வரிகளைப் படித்ததும், உங்களுக்குத் தெரியாமலே அந்த வெளி சர்வரோடு பேச்சுவார்த்தையைத் தொடங்கிவிடுகிறது.

அந்த சர்வர் ஓர் ஏல அறிவிப்பைத் தயாரிக்கிறது. அதில் இருப்பவை: பக்கத்தின் முகவரி, பெட்டியின் அளவு, கைப்பேசி எந்த மாடல், பிரவுசர் எது, எந்த மொழியில் அமைத்திருக்கிறார், இணைய முகவரியை வைத்து ஊகித்த ஊர், ஆளை அடையாளம் காண அவருடைய பிரவுசரில் முன்பே வைத்த குக்கீ எண் இருந்தால் அதுவும். இந்த அறிவிப்பு விளம்பரச் சந்தை வழியாகப் பல வாங்குபவர்களின் மென்பொருள்களுக்கு ஒரே நேரத்தில் போகிறது. இந்த எண்ணுக்குரியவர் போன வாரம் குளிர்கால மேலங்கி பார்த்தார் என்று ஒரு மென்பொருளுக்குத் தெரியும். டொரன்டோவில் இருக்கிறார் என்பது மட்டும் இன்னொன்றுக்குப் போதும். ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். பதில் சொல்ல அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போன்ற நேரம். அதிகம் சொன்னவர் ஜெயிக்கிறார். அவருடைய சர்வரிலிருந்து படம் வந்து பெட்டியில் உட்கார்கிறது. படத்தோடு, பார்த்தாரா என்று அளக்கும் இன்னொரு நிறுவனத்தின் ஸ்கிரிப்டும் வரலாம். அதுவும் தன் பங்குக்கு ஒரு குக்கீயை வைக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏலத்தில் தோற்றவர்களும் அறிவிப்பைப் படித்துவிட்டார்கள். யார், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தில் இருந்தார் என்ற தகவல் காசு கொடுக்காதவர்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்களுக்கு வருவது ஜெயித்தவர் கொடுத்த சில காசுகள் மட்டும். பொங்கல் செய்முறைக்கு இது பெரிய விஷயமில்லை. கருத்தரிப்பு சிகிச்சை பற்றியோ கடன் தொல்லை பற்றியோ எழுதும் தளத்தில் இதே ஏலம் நடக்கும்போது பக்கத்தின் முகவரியே வாசகரின் அந்தரங்கத்தைச் சொல்லிவிடும்.

இணைய விளம்பரம் இப்படித் தொடங்கவில்லை. 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் முதல் பட்டை விளம்பரங்களை வெளியிட்டபோது, தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி போன்றவற்றுக்கு இடத்தை நேரடியாகத்தான் விற்றது, அச்சுப் பத்திரிகை விற்பது போலவே. பல தளங்களின் பெட்டிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விளம்பரம் அனுப்பும் டபுள்கிளிக் போன்ற நிறுவனங்கள் அதன் பிறகு வந்தன. டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் 2007இல் அறிவித்து 2008இல் வாங்கி முடித்தது. ஆக, கடைக்காரருக்கு நேராக விற்பது ஏதோ கிராமத்து யோசனை என்று நினைக்க வேண்டாம். தொழிலின் ஆதி வடிவமே அதுதான்.

நூறு ரூபாயில் எவ்வளவு வந்து சேர்கிறது

விளம்பரதாரருக்கும் தளத்துக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை கை நனையும். பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனத்தைக் கொண்டு 2020இல் இந்தப் பண ஓட்டத்தைத் தணிக்கை செய்தது. விளம்பரதாரர் செலவழித்ததில் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 51 சதவீதம். 15 சதவீதம் யாரிடம் போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கலந்துகொண்டவர்கள் பெரிய விளம்பரதாரர்கள், பெயர்பெற்ற வெளியீட்டாளர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கணக்குப்பிள்ளைகளும் வக்கீல்களும் உள்ள இடத்திலேயே இந்த நிலை.

ஆட்சென்ஸில் நிலைமை இதைவிடத் தெளிவு. விளம்பரதாரர் கூகுளின் சொந்த விளம்பரச் சேவை வழியாக வாங்கினால், அவர் கொடுக்கும் நூறு ரூபாயில் சுமார் 68 ரூபாய் தளத்துக்கு வரும் என்று கூகுளே சொல்கிறது. வேறு நிறுவனத்தின் மென்பொருள் வழியாக வாங்கினால், அந்த நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் 80 சதவீதம். 2024இல் வந்த இந்த ஏற்பாட்டோடு, கிளிக்குக்குக் காசு என்ற பழைய முறை போய், காட்டியதற்குக் காசு என்ற முறையும் வந்தது.

அமெரிக்க நீதிமன்றத்திலும் இந்தக் கைமாற்றங்கள் அலசப்பட்டன. அமெரிக்க நீதித்துறை 2023இல் தொடுத்த வழக்கில், தளங்கள் பயன்படுத்தும் விளம்பர சர்வர், விளம்பரச் சந்தை ஆகிய இரண்டிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று நீதிபதி லியோனி பிரிங்கெமா 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். ஒரே நிறுவனம் விற்பவருக்கும் முகவர், வாங்குபவருக்கும் முகவர், ஏலக் கூடத்துக்கும் உரிமையாளர் என்றால் விலை எப்படி இருக்கும் என்பதுதான் அந்த வழக்கின் சாரம். இருந்தும் சிறிய தளத்துக்கு அந்தத் தீர்ப்பால் நாளைக்கே வேறு கதவு திறந்துவிடப் போவதில்லை.

ஆட்சென்ஸ்: சுலபம், அதனாலேயே மலிவு

2003இல் தொடங்கிய ஆட்சென்ஸில் இந்தி 2014இல் சேர்ந்தது. தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில்தான். இதன் விளைவு இன்னமும் தெரிகிறது. தமிழ்ப் பக்கத்துக்கென்று விளம்பரம் தயாரித்து ஏலம் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர் குறைந்தால் விலை ஏறாது. உங்கள் பக்கத்தில் ஆங்கில விளம்பரங்கள் வந்து நிற்பதைப் பார்த்து அதிசயிக்க வேண்டியதில்லை. வாசகரின் கைப்பேசி அமைப்பையும் ஊரையும் அவருடைய தேடல்களையும் பார்த்து அவருக்காக ஏலம் கேட்டிருக்கிறார்கள், உங்கள் கட்டுரைக்காக இல்லை.

ஆட்சென்ஸில் ஒரு தமிழ்த் தளத்தின் வருமானத்தைத் தீர்மானிப்பது எழுத்தின் தரத்தைவிட வாசகரின் முகவரி என்பதும் இதனால்தான். சிங்கப்பூரிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் இருக்கும் வாசகருக்காக அங்குள்ள வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கும் விலை, பெரம்பலூரில் இருப்பவருக்காகக் கேட்கப்படும் விலையைவிடப் பல மடங்கு இருக்கும். விளம்பரம் போடும் முன் ஒரே ஒரு வேலை செய்ய வேண்டுமென்றால், உங்கள் தளத்தின் புள்ளிவிவரத்தில் நாடு வாரியான பங்கைப் பாருங்கள்.

நடைமுறைக்கு வருவோம். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் கூகுள் உங்கள் வீட்டு முகவரிக்கு ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்பும். முகவரியில் பிழை இருந்தால் இங்கேயே வண்டி நின்றுவிடும். கதவு எண்ணும் அஞ்சல் குறியீடும் சரியாக இருக்கட்டும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். ஒரு மாதத்துக்கான தொகை அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல் வரும். உங்கள் விளம்பரத்தை நீங்களே அழுத்துவதும், உறவினர்களை அழுத்தச் சொல்வதும் கணக்கை மூடவைக்கும் குற்றம். மூடிவிட்டால் மேல்முறையீடு ஒரு படிவத்தில்தான்; பேச ஆள் கிடைப்பது அரிது.

ஆட்சென்ஸ் போட்டவர்களில் பலர் செய்யாத வேலை, தடைப்பட்டியலைத் திறந்து பார்ப்பது. ஜோதிடம், எடைக் குறைப்பு, சீக்கிரம் பணக்காரராகும் திட்டங்கள், ஜோடி தேடும் செயலிகள், அரசியல் என்று வகை வகையாக நிறுத்திவைக்கும் வசதி அங்கே இருக்கிறது. குறிப்பிட்ட விளம்பரதாரரின் முகவரியைத் தனியாகவும் தடுக்கலாம். சில வகைகளைத் தடுத்தால் வருமானம் கொஞ்சம் குறையும். சித்த மருத்துவத்தைப் பற்றிப் பொறுப்பாக எழுதும் பக்கத்தின் நடுவே "ஏழே நாளில் சர்க்கரை நோய் காணாமல் போகும்" என்று ஒரு பெட்டி நிற்பதைவிட அந்த நஷ்டம் மேல். வாசகருக்கு அந்தப் பெட்டியைப் போட்டது கூகுள் என்று தெரியாது. நீங்கள் போட்டதாகத்தான் நினைப்பார்.

தானியங்கி விளம்பரம் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எங்கே, எத்தனை என்பதைக் கூகுளே முடிவு செய்யும். நான் அதை அணைத்துவைக்கச் சொல்வேன். நீங்களே இரண்டோ மூன்றோ இடங்களைக் குறித்து, விளம்பரம் வரும் முன்பே அந்த அளவுக்கு வெற்றிடம் ஒதுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் வாசகர் மூன்றாவது வரியில் இருக்கும்போது விளம்பரம் வந்து எழுத்தைக் கீழே தள்ளும். விரல் தவறிப் போய் விளம்பரத்தில் விழும். அந்தக் கிளிக்கால் யாருக்கும் நன்மையில்லை.

இடைத்தரகர்கள்: யாருக்குப் பொருந்தும்

ஆட்சென்ஸ் ஒரே சந்தை. பல சந்தைகளை ஒரே நேரத்தில் விலை கேட்கவைத்தால் போட்டி கூடும் என்ற எண்ணத்தில் பிறந்தது ஹெடர் பிடிங் முறை. இதற்கான பிரீபிட் என்ற திறந்தமூல நிரல் 2015இல் வந்தது. தனியாக இதை அமைத்துப் பராமரிப்பது முழுநேர வேலை என்பதால், தளங்களின் சார்பில் செய்துகொடுக்க மீடியாவைன், ராப்டிவ், ஈசோயிக் போன்ற நிறுவனங்கள் வந்தன. தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மீடியாவைனும் ராப்டிவும் தளத்துக்குத் தரும் பங்கு வழக்கமாக 75 சதவீதம். சேர்த்துக்கொள்ள நிபந்தனைகள் உண்டு: மீடியாவைன் பல ஆண்டுகள் மாதம் 50,000 வருகைகள் கேட்டது, ராப்டிவ் ஒரு லட்சம் பக்கப் பார்வைகள் கேட்டுக்கொண்டிருந்து 2025இல் 25,000 வரை இறங்கிவந்தது.

இந்த நிறுவனங்கள் அமெரிக்க வாசகர்களைக் கொண்ட சமையல், பயணத் தளங்களை வைத்து வளர்ந்தவை. தமிழ்நாட்டு வாசகர்களைக் காட்டி இவர்களிடம் போனால், கேட்க ஆளில்லாத ஏலத்தைப் பத்துக் கூடங்களில் நடத்துவதைப் போல ஆகிவிடும். பத்துப் பேர் இரண்டு காசு கேட்டாலும் விலை இரண்டு காசுதான். பக்கத்தில் ஏறும் சுமையோ பத்து மடங்கு. ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட், தனித்தனி அழைப்பு. எட்டாயிரம் ரூபாய்க் கைப்பேசியில் படிக்கும் வாசகருக்குப் பக்கம் திணறும். விளம்பரம் இறங்கும் டேட்டாவுக்குக் காசு கொடுப்பவரும் அவர்தான்.

ஒப்பந்தம் போடும் முன் இவர்கள் கொடுக்கும் ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் இடத்தை விற்க யார் யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அது. போலித் தளங்கள் பெரிய பத்திரிகைகளின் பெயரைச் சொல்லி விளம்பரம் விற்றதைத் தடுக்க, இணைய விளம்பரத் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஐஏபி டெக் லேப் அமைப்பு 2017இல் இதைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வரியிலும் முதலில் சந்தையின் முகவரி, அடுத்து கணக்கு எண், மூன்றாவதாக 'நேரடி' அல்லது 'மறுவிற்பனை' என்ற குறி, சில வரிகளில் கடைசியாக ஒரு சான்று எண். ஆட்சென்ஸ் மட்டும் வைத்திருந்தால் ஒரே வரி. இடைத்தரகரிடம் போனால் நூற்றுக்கணக்கில் வரிகள் வரும். அவற்றில் பெரும்பகுதி 'மறுவிற்பனை' என்றிருக்கும். பெயரே கேள்விப்படாத நிறுவனம் உங்கள் வாசகரை மூன்றாவது கைக்கு விற்க நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தக் கோப்பு பொதுவில் இருப்பதுதான். பிரபலமான எந்தச் செய்தித் தளத்தின் முகவரிக்குப் பின்னாலும் அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பொழுது போகாத நாளில் பார்க்க நல்ல பட்டியல்.

இவ்வளவு சொன்னாலும், டொரன்டோ, லண்டன், சிட்னி வாசகர்கள் பாதிக்கு மேல் இருக்கும் தமிழ்ச் சமையல் தளத்துக்கு இந்த வழி லாபம் தரக்கூடும். அங்கே ஏலத்தில் நிஜமான போட்டி இருக்கிறது. ஐரோப்பிய வாசகர்களிடம் சம்மதம் கேட்கும் பலகையைச் சட்டப்படி அமைப்பது போன்ற தலைவலிகளையும் இவர்களே பார்த்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்குள் விலகிக்கொள்ள வழி இருக்கிறதா என்று மட்டும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

நேரடியாக விற்பது

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். டெல்டா மாவட்ட விவசாயிகளுக்காக நடத்தப்படும் தளம். மாதம் ஒரு லட்சம் பக்கப் பார்வை. ஆட்சென்ஸில் ஆயிரம் பக்கத்துக்கு 30 ரூபாய் கிடைப்பதாகக் கொண்டால் மாதம் 3,000 ரூபாய். 100 டாலர் எல்லையைத் தொடவே சுமார் மூன்று மாதம் ஆகும். அதே தளத்தில் ஒரு சொட்டுநீர்க் கருவி விற்பவரும் ஒரு விதைக் கடைக்காரரும் ஓர் உழவுக்கருவி வாடகைக்காரரும் மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் 6,000. எண்கள் உங்கள் தளத்துக்கு வேறாக இருக்கும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறாது. ஏலச் சந்தைக்கு உங்கள் வாசகர் கிராமப்புற ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று, மலிவான சரக்கு. விதைக் கடைக்காரருக்கு அவர் சம்பா நடவுக்கு முந்தின வாரம் நெல் ரகங்களைப் பற்றிப் படிக்கும் விவசாயி. அதே ஆளுக்கு இரண்டு விலை.

இதை விற்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு பக்க விலைப்பட்டியல் போதும்: எந்த இடம், என்ன அளவு, ஒரு மாதத்துக்கு எவ்வளவு, மூன்று மாதம் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு, போன மாதம் எத்தனை பேர் எந்த மாவட்டங்களிலிருந்து படித்தார்கள். பணம் முன்கூட்டியே. ஒரு படம், ஒரு வாட்ஸ்அப் இணைப்பு. படத்தின் மேல் 'விளம்பரம்' என்ற சொல் தெளிவாக இருக்க வேண்டும். இணைப்பில், காசு வாங்கிக் கொடுத்தது என்பதைத் தேடுபொறிக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்டு' குறியைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இணைப்பு விற்றதாகக் கூகுள் கருதி உங்கள் தளத்தைத் தேடலில் கீழே இறக்கலாம். கடைக்காரருக்குப் புள்ளிவிவர அறிக்கை புரியாது. தளத்தில் பார்த்ததாகச் சொல்லி எத்தனை பேர் அழைத்தார்கள் என்பதுதான் அவருக்குப் புரியும். இணைப்பை அழுத்தியதும் "உங்கள் விளம்பரம் பார்த்தேன்" என்ற வரி வாட்ஸ்அப்பில் தானாக நிரம்பும்படி வைத்துவிட்டால் அவரே எண்ணிக்கொள்வார்.

படத்தை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர நிறுவனம் "இந்த ஸ்கிரிப்டைப் போடுங்கள், படம் எங்களிடமிருந்து வரும்" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்துக்கு நடந்தது இதுதான். வோனேஜ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் ஒருவர் இடம் வாங்கினார். விளம்பரத்தைத் தங்கள் சர்வரிலிருந்தே அனுப்ப அனுமதி பெற்றார். முதலில் ஒழுங்கான விளம்பரம் வந்தது. பிறகு ஒரு வார இறுதியில், "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது" என்று மிரட்டிப் போலி மென்பொருளை விற்கும் திரையாக அதை மாற்றிவிட்டார். ஆள் தெரியும் என்று நினைத்து நேரடியாக விற்ற இடம்தான் அது. கதவு திறந்தது வெளி ஸ்கிரிப்டால்.

வரி விஷயம்: இணையத்தில் விளம்பர இடம் விற்பதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அச்சுப் பத்திரிகைக்கு 5 சதவீதம். இந்த வித்தியாசம் சிறிய இணையதளக்காரர்களுக்கு நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவைப்படாது. ஆட்சென்ஸ் பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் அதன் கணக்கு தனி. ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நேரடி விற்பனையில் சிக்கல் இல்லாமல் இல்லை. வசூல் ஒன்று. தீபாவளிக்கு மூன்று பேர் கேட்பார்கள், ஆடியில் ஒருவரும் இருக்க மாட்டார் என்பது இன்னொன்று. உண்மையான ஆபத்து மூன்றாவது: மாவட்டச் செய்தித் தளத்துக்கு ஒரு தனியார் மருத்துவமனையோ பொறியியல் கல்லூரியோ மாதச் செலவில் பாதியைக் கொடுத்தால், அந்த நிறுவனத்தைப் பற்றிய புகாரை அந்தத் தளம் எப்படி வெளியிடும்? இந்த ஒரு விஷயத்தில் ஏலச் சந்தை உயர்ந்தது. யார் விளம்பரம் கொடுத்தார் என்று ஆசிரியருக்கே தெரியாது. அதனால் யாரும் ஆசிரியரைக் கூப்பிட்டு மிரட்ட முடியாது. செய்தித் தளம் நேரடியாக விற்பதானால் எந்த ஒரு விளம்பரதாரரும் மொத்த வருமானத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஆறு என்பது என் எண்ணம், ஐந்தாகவும் இருக்கலாம். இரண்டாக இருக்கக் கூடாது.

கமிஷன் வழி

புத்தகம், சமையல் பாத்திரம், கேமரா பற்றி எழுதும் தளங்களுக்குக் கமிஷன் வழி ஏற்றது. மற்றவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். விகிதம் கடையின் கையில் இருக்கிறது: அமேசான் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பல வகைகளின் கமிஷனை ஒரேயடியாக வெட்டியது, அறைகலன்களுக்கு 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக. கமிஷன் அதிகம் தரும் பொருளையே "சிறந்தது" என்று எழுதும் சபலமும் இதில் உண்டு. காசு பெறும் பரிந்துரையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் குழுமமான ஆஸ்கி 2021இல் நெறிமுறை வகுத்தது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. ஒரு வரி அறிவிப்பை இணைப்புக்கு மேலேயே வையுங்கள். பக்கத்தின் அடியில் புதைக்க வேண்டாம்.

குக்கீ போய்விடுமா?

"குக்கீ ஒழியப்போகிறது, எல்லாம் மாறிவிடும்" என்று சில ஆண்டுகளாகப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020இல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது பார்க்கும் தளத்தைத் தவிர வேறு நிறுவனங்கள் வைக்கும் குக்கீகளை, முழுவதுமாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸும் கட்டுப்படுத்திவிட்டது. குரோம் மட்டும் 2020இல் நீக்குவதாக அறிவித்து, தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. நம் வாசகர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டில் குரோம் வழியாக வருபவர்கள் என்பதால், அவர்களைப் பின்தொடரும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

பின்தொடராமல் விளம்பரம் விற்க முடியுமா என்பதற்கு நெதர்லாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்குள்ள பொது ஒளிபரப்புத் தளங்களுக்கு விளம்பரம் விற்கும் ஸ்டெர் அமைப்பு 2020 தொடக்கத்தில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை விட்டுவிட்டு, பக்கத்தின் பொருளை மட்டும் வைத்து விற்கத் தொடங்கியது. முதல் மாதங்களில் வருமானம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. அது பெரிய அமைப்பு, சொந்த விற்பனைக் குழு உள்ளது. அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் விதைக் கடைக்காரரின் கணக்கும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது: ஆளைத் துரத்தாமல் பக்கத்தைப் பார்த்து வாங்குவது.

எந்தத் தளத்துக்கு எது

விவசாயம், கால்நடை, கட்டுமானம் போன்று தொழில் சார்ந்த தளங்கள்: முதல் இரண்டு இடங்களை நேரடி விற்பனைக்கு ஒதுக்குங்கள். விற்காத மாதங்களில் அதே இடத்தில் ஆட்சென்ஸ் வரட்டும். விளம்பர இடங்களை நிர்வகிக்க உதவும் கூகுள் ஆட் மேனேஜரின் இலவசப் பதிப்பில் இப்படி முன்னுரிமை அமைக்கலாம். அது கடினமாகத் தோன்றினால் மாதம் ஒருமுறை கையால் மாற்றினாலும் குடிமுழுகிப் போகாது.

சமையல், பயணம், பக்தி: நாடு வாரியான பங்கைப் பார்த்து முடிவெடுங்கள். வெளிநாடு பாதிக்கு மேல் என்றால் இடைத்தரகர். இல்லாவிட்டால் தடைப்பட்டியலை இறுக்கிவைத்த ஆட்சென்ஸ்.

மாவட்டச் செய்தி: ஆட்சென்ஸையும் பல சிறிய விளம்பரதாரர்களையும் சேர்த்து வையுங்கள், மேலே சொன்ன வரம்போடு.

உடல்நலம், மனநலம், குடும்பச் சிக்கல் பற்றி எழுதும் தளங்களில் மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்டே வேண்டாம். புத்தக விற்பனை, நன்கொடை, சந்தா என்று வேறு வழி பாருங்கள். வருமானம் குறைவாக இருந்தாலும் அங்கே படிக்க வருபவரை ஏலத்தில் விடக் கூடாது.

பள்ளி மாணவர்களுக்கான வினாத்தாள், பாடக்குறிப்புத் தளங்கள் தமிழில் ஏராளம். பொதுத்தேர்வு மாதங்களில் அவற்றின் வாசகர் எண்ணிக்கை எகிறும், ஆட்சென்ஸ் வருமானமும் எகிறும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இந்தத் தளங்களை நடத்துபவர்கள் ஆட்சென்ஸ் அமைப்பில், குழந்தைகளுக்கான தளமாகக் கருதும்படி குறிக்கும் வசதியை இப்போதே இயக்கிவிடலாம். வாசகரின் விருப்பத்தை வைத்துக் காட்டும் விளம்பரங்கள் நின்றுவிடும், வருமானம் இறங்கும். ஈடுகட்ட, அதே ஊரில் வழிகாட்டி நூல் விற்கும் கடையையும் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தையும் ஏப்ரலுக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு போனால் அடுத்த ஆண்டு வரச் சொல்வார்கள்.